தம்பி செய்த பெரிய செவ்வாய்

என் அன்புள்ள ராத்தா,

நீங்கள் கண்மூடி மௌத்தாகிப் பதினொரு மாதமாகிறது. இத்தனை நாளும் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். இன்றைக்கும் அன்பு மிஞ்சி எழுதவில்லை, எரிச்சல் தாங்காமல்தான் எழுதுகிறேன். என் எரிச்சலைக் கொட்டுவதற்கு இருபத்திரண்டு வருஷம் ஸ்ராப் ரூமில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஆள் நீங்கள்தானே? அந்தக் கதிரையில் இப்போது ஒரு புது ரீச்சர் இருக்கிறா. நல்ல பிள்ளை. ஆனால் நான் கத்தினால் பயந்து போவா.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உருண்டைகள் செய்தாகிவிட்டன. ஓம், அதே நாலு உருண்டைகள்தான். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். சூரியனுக்குக் கிட்ட இருக்கிற கல்லுக் கோள்கள் நாலையும் ஒரே அளவுத்திட்டத்தில் செய்து மைதானத்து மதிலோரம் நிறுத்த வேண்டும் என்று எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்! படத்தில் பார்த்தால் பிள்ளைகளுக்கு விளங்காது, இடைவேளையில் போய்க் கைவைத்துத் தடவிப் பார்க்க வேண்டும் என்பீர்கள். உங்களிடம் படித்த ஆட்கள் சேர்ந்து இப்போது அதை உங்கள் பெயரிலேயே செய்கிறார்கள். "விஞ்ஞான ஆசிரியை மர்ஹூமா ஹாஜறா நினைவாக" என்று கல்லும் வெட்டி வந்துவிட்டது. நாளைக்குப் புதன்கிழமை திறப்பு. முதலில் இன்றைக்குத்தான் வைத்திருந்தார்கள். பெற்றோர் சிலர் செவ்வாய்க்கிழமை கூடாது என்று சொன்னதால் ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். கோள்களைப் பற்றிய விழாவுக்கே இந்தக் கதி என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதல் கூட்டத்திலேயே எனக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. உங்களிடம் ஏ எடுத்த ஒரு பெடியன், இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான், எழும்பி நின்று கேட்டான். "பூமியிலதானே ரீச்சர் நிக்கிறம், அதுக்கேன் தனியா ஒரு உருண்டை? மற்ற மூண்டும் காணாதோ?" நாலைந்து பேர் தலையாட்டினார்கள். "பூமியைப் பக்கத்தில வைக்காட்டி மற்றதுகளை எதோடயப்பா ஒப்பிடுறது?" என்று நான் கேட்டது ஒருவர் காதிலும் ஏறவில்லை. கடைசி வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி இருந்தார். பேசவே மாட்டார் என்று நினைத்தேன். "ஹாஜறா நாலெண்டுதான் செல்லுவா. நாலுதான்," என்றார் நானா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

நானா சுகமாக இருக்கிறார். குசினியில் தானே சமைக்கிறார். உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லையாம்.

அடுத்து, உருண்டைகளைச் செய்ய ஆள் தேடினார்கள். அங்கே என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ர தம்பி சல்லிக் கரையில பைபர் வள்ளம் செய்யிறவன், அவன் செய்து தருவான்," என்றேன். உங்களுக்குச் சிவாவைத் தெரியும். என்னோடு கோபம் என்றால் உங்களிடம் வந்து முறையிடுவானே, அவன்தான். கரையோரக் கொட்டிலில் வள்ளத்தோடு பெரிய மிதவைகளும் வார்க்கிறான். ஒரு மீற்றர் மிதவைக்கு அவனிடம் அச்சு இருந்தது. அதைப் பூமியாக வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். பூமி நூறு சென்ரிமீற்றர் என்றால் வெள்ளி தொண்ணூற்றைந்து, புதன் முப்பத்தெட்டு. நானா எடுத்துத் தந்த உங்கள் பச்சை மட்டைக் கொப்பியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட அட்டவணையைப் போட்டோக் கொப்பி எடுத்து அவன் கையில் கொடுத்தேன். தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம் என்பதால் மூன்று கிழமை அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சல்லிக்குப் போனேன். கொட்டிலுக்கு வெளியே மணலில் நாலும் நின்றன. பூமி நீலமும் பச்சையுமாக வடிவாக இருந்தது. இலங்கையைக் கொஞ்சம் பெரிதாக வரைந்திருந்தான், அது மன்னிக்கக்கூடிய பிழை. வெள்ளிக்கு மங்கல் மஞ்சள், புதனுக்குச் சாம்பல் நிறம். அளவு நாடாவை எடுத்துச் சுற்றிவர அளந்தேன், மூன்றும் சரி. நாலாவது செவ்வாய். ராத்தா, அது என் தோளுக்கு மேலே நின்றது! பூமியை விட ஒரு அடி பெரிது. மூன்று பூச்சுச் சிவப்பு, வெயிலில் மினுங்கியது. உருண்டைக்கு ஏது நெற்றி? ஆனால் றோட்டைப் பார்த்த பக்கம் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டும் இட்டிருந்தான்.

"என்னடா சிவா இது?"

"செவ்வாய், அக்கா. அவருக்கெண்டு புதுசா அச்சே போட்டனான். வடிவா இருக்கோ?"

"அவரோ? பூமியில பாதிதானடா செவ்வாய்! இதென்ன, பூமியை விழுங்கப் போற மாதிரிச் செய்து நிப்பாட்டி வைச்சிருக்கிறாய்!"

அவன் றெசின் பசை பிடித்த கையைத் துணியில் துடைத்தான். "நீங்கள் அளவு எழுதேல்லையே, அக்கா. மற்ற மூண்டுக்கும் எழுதிக் கிடந்திச்சு. செவ்வாய்க்கு நேரே வெறுமையாக் கிடந்திச்சு."

"எழுதேல்லையெண்டா ஒரு போன் எடுத்துக் கேக்கிறதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையோ?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களிட்டப் போய்ச் செவ்வாயைப் பற்றி எப்பிடியக்கா கேக்கிறது?" என்றான்.

எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக அந்தப் பெயரை என் முன்னால் எவரும் சொல்வதில்லை. அம்மா சாகும்வரை செவ்வாய்க்கிழமையைக்கூடத் "திங்களுக்கு அடுத்த நாள்" என்றுதான் சொன்னா. உங்களுக்கு இது தெரியும். இருந்தாலும் இன்னொரு தரம் சொல்கிறேன், எனக்கு ஏழில் செவ்வாய். பிறந்த நேரத்தில் வானத்தில் செவ்வாய் எங்கே நின்றது என்று கட்டம் போட்டுப் பார்த்து, அது கூடாத இடம், கட்டினவன் சாவான் என்று சாத்திரியார் எழுதி வைத்திருந்தார். எனக்கு இருபத்தைந்து வயதில் திரியாயிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. அவரும் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் பிடித்தது. சாதகக் குறிப்பு அங்கே போய் நாலாம் நாள் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் ஐந்தாறு தரம் போய்ப் போய் வந்தது, கடைசியில் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

சிவா அதோடு நிற்கவில்லை. "வாணிக்கு ஒரு இடம் வந்திருக்கக்கா," என்றான். வாணி அவனுடைய மூத்த மகள், இருபத்தொன்பது வயது. அவளுக்கு எட்டில் செவ்வாய். "சீனன்குடாவில வேலை செய்யிற பெடியன், நல்ல குடும்பம். குறிப்புக் கேட்டிருக்கினம். இந்த நேரம் பார்த்து நான் அவரைச் சின்னனாச் செய்து, எல்லாரும் பாக்கிற இடத்தில, அதுவும் பூமிக்குப் பக்கத்தில வைச்சா எப்பிடியிருக்கும்? கோபம் வராதே அவருக்கு? பெருசாச் செய்து ஒரு பொட்டும் வைச்சா, பிள்ளையில ஒரு இரக்கம் வரும் எண்டு நினைச்சன்."

நான் கத்தினேன், ராத்தா. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அது ஒரு கல்லடா, துருப்பிடித்த கல். மூச்சுவிடக் காற்றில்லை, இருக்கிற காற்றும் எங்களுடையதில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஐம்பது கிலோ ஆள் அங்கே போய்த் தராசில் ஏறினால் பத்தொன்பது கிலோதான் காட்டும். அவ்வளவுதான் அதற்கு இழுக்கிற பலம். தன் காற்றையே பிடித்து வைத்திருக்க ஏலாமல் விட்டுவிட்ட சாமான் உன் மகளைப் பிடித்து வைத்திருக்குமோ என்று கேட்டேன். "ஒரு முஸ்லிம் ரீச்சரின்ர பேரில வைக்கிற உருண்டைக்குச் சந்தனப் பொட்டு வைச்சிருக்கிறியே, உனக்கு அறிவில்லையோ?" என்றும் கேட்டேன். அதற்கு மட்டும் அவனுக்கு வெட்கம் வந்தது. துணியால் பொட்டைத் துடைத்தான். ஆனால் "அளவை மாத்த ஏலாதக்கா, என்ர பிள்ளையின்ர விஷயம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். விசரன், படிக்காதவன், உங்கள் பெயரைக் கெடுக்கப் பிறந்தவன். வீட்டுக்கு வந்து உங்கள் பச்சைக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை. புதனுக்கு நேரே என் கையெழுத்தில் முப்பத்தெட்டு, வெள்ளிக்குத் தொண்ணூற்றைந்து, பூமிக்கு நூறு. செவ்வாய்க்கு நேரே ஒன்றும் இல்லை.

உங்களுக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா? மழைக்காலம், பிள்ளைகள் அரைவாசிப் பேர் வரவில்லை. "கணக்கு ரீச்சர் நீங்க, கணக்க நீங்க போடுங்க. கதைய நான் எழுதுறன்," என்று சொல்லிக் கொப்பியை என் பக்கம் தள்ளினீர்கள். புதன் போட்டேன், வெள்ளி போட்டேன், மணி அடித்தது. "மறுகா செவ்வாயப் போட்டுத் தாங்க," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனீர்கள். அந்த மறுகா ஐந்து வருஷம் இழுபட்டது. நீங்கள் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்றேன், தவணை முடியட்டும் என்றேன், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றுகூடச் சொன்னேன். ஆறாயிரத்து எழுநூற்று எண்பதைப் பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பதால் பிரிப்பது என்ன பெரிய கணக்கா? எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும். அதைப் படிப்பித்துத்தானே நான் சம்பளம் எடுக்கிறேன்?

கடைசியாக உங்களைக் கிண்ணியாவில் வீட்டில் வந்து பார்த்தபோது, கட்டிலில் படுத்தபடியே கேட்டீர்கள். "செவ்வாய் முடிஞ்சிட்டா தங்கச்சி?" நான் "ஓம் ராத்தா, முடிஞ்சுது," என்றேன். நீங்கள் சிரித்து என் கையைப் பிடித்தீர்கள். அது பொய். சாகப் போகிற ஆளிடம், அதுவும் உங்களிடம், பொய் சொன்னேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பதினொரு மாதமாக நான் உங்களுக்கு எழுதாததற்கும் காரணம் இதுதான்.

ஏன் போடவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பஸ் தரிப்பில் நின்றபோது என் செவ்வாய்க் கதையை உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் முதலில் சிரித்தீர்கள், பிறகு உங்களுக்குக் கோபம் வந்தது. "அந்தக் கல்லா? அது எங்கட பூமில பாதிதான் புள்ள. அதுக்குப் பயந்தா இவ்வளவு காலமும் தனிய இருக்கிறீங்க?" என்றீர்கள். எனக்காகத்தான் கோபப்பட்டீர்கள், தெரியும். ஆனால் எனக்கு உங்களில் ஆத்திரம் வந்தது. அது பெரிய சாமான் என்றால், பயப்படத்தக்க சாமான் என்றால், என் வாழ்க்கை இப்படிப் போனதற்கு ஒரு நியாயம் இருக்கும். அதைப் பூமிக்குப் பக்கத்தில் வைத்து, இவ்வளவுதான் என்று அளந்து காட்டிவிட்டால், நான் எதற்காக இருந்தேன்? சாத்திரியார் செத்துவிட்டார், அம்மாவும் இல்லை, நான் யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் அந்த இடத்தை நிரப்பவில்லை. வெறுமையாக விட்டால் எவ்வளவு பெரிது என்றும் நினைத்துக்கொள்ளலாமே. தம்பி அதைத்தான் செய்தான். எனக்குள்ளே இருந்த செவ்வாயை அவன் பைபரில் வார்த்து வெளியே வைத்தான், நான் அவனைப் போட்டு ஏசினேன்.

கோள்களைப் பற்றி நீங்கள் எழுதின கதைகளையும் அன்றைக்குத்தான் ஆறுதலாக வாசித்தேன். நாலும் ஒரு உம்மாவின் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இரும்பு, வெளியே கல், ஒரே சாமானில் செய்தவை. புதன் சின்னவன், போர்த்திக்கொள்ளக் காற்று இல்லாததால் பகலில் எரிந்து இரவில் உறைகிறவன். வெள்ளி எங்களோடு கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆனால் காற்று அளவுக்கு மிஞ்சிப்போய்ச் சூட்டை உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. வலையில் கட்டுகிற ஈயக் குண்டை அங்கே வைத்தால் உருகி ஓடும். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலில் ஒரு கிலோமீற்றருக்குக் கிட்ட இறங்கினால் தண்ணீர் எப்படி நெரிக்குமோ, அங்கே வெறும் காற்றே அப்படி நெரிக்கும். செவ்வாயில் ஒரு காலம் ஆறு ஓடியிருக்கிறது, தடம் இருக்கிறது. பிறகு காற்றுப் போய்த் தண்ணீரும் போய்விட்டது. "ஒண்டுக்குக் கூடிப் போச்சு, ஒண்டுக்குக் குறைஞ்சு போச்சு, எங்களுக்குத்தான் அளவாக் கிடைச்சது. அத வைச்சு என்ன செய்றம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். பதில் எழுதவில்லை. எனக்கு விட்டுவைத்தீர்களா?

சனிக்கிழமை காலையில் வாணி வந்தாள். தகப்பனோடு நான் பிடித்த சண்டை ஊரெல்லாம் பரவிவிட்டதே. அவள் சமாதானம் பேச வரவில்லை. வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"மாமி, என்ர குறிப்பு எங்கை?"

"ஏன் பிள்ளை? அப்பா கேட்டு விட்டவரோ?"

"அப்பா கேக்கேல்ல. நான்தான் கேக்கிறன். எனக்கு இருபத்தொன்பது வயசு. என்ர குறிப்பு ஏன் உங்கட அலுமாரிக்குள்ள கிடக்குது?"

 குடும்பத்தில் மூத்தவள் என்று எல்லாருடைய குறிப்பும் என்னிடம்தான் இருக்கிறது. நாட்டில் சண்டை நடந்த காலத்தில் ஊரைவிட்டு ஓடினபோது அம்மா பானை சட்டியை விட்டா, கோழியை விட்டா, குறிப்புகளை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தா. அம்மாவுக்குப் பிறகு நான் காவல். கேட்கிற ஆட்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்தால் வாங்கி வைப்பதும் நான்தான். என்னை வெட்டின கத்தியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்திருக்கிறேன், அடுத்த ஆளுக்கு வேண்டும் என்று. எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விரித்தும் பார்க்கவில்லை, கைப்பைக்குள் வைத்தாள்.

"அந்தப் பெடியனை உனக்குப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு தரம்தான் கதைச்சனான், மாமி. பிடிக்குமோ தெரியேல்ல. அதைத்தான் முதல்ல பாக்க வேணும்," என்றாள். பிறகு, "செவ்வாயின்ர அளவென்ன? சொல்லுங்கோ, நான் செய்யிறன்," என்றாள்.

அவள் கொட்டிலில் வளர்ந்தவள், பைபர் வேலை தகப்பனை விடத் துப்புரவாகச் செய்வாள். நான் பேப்பர் எடுக்கவில்லை, பேனை எடுக்கவில்லை. "ஐம்பத்து மூண்டு," என்றேன். ராத்தா, அது எனக்கு எப்போதோ தெரியும். பஸ் தரிப்பில் நீங்கள் பாதி என்று சொன்ன அன்றைக்கே வீட்டுக்கு வந்து மனதுக்குள் பிரித்துப் பார்த்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானும் அவளும் கொட்டிலில் நின்றோம். அந்த அளவுக்கு அச்சு இல்லை. வாணி கம்பியை வளைத்து ஒரு கூடு கட்டினாள். அதன்மேல் பசை தடவிப் பழைய பேப்பர் ஒட்டி உருண்டையாக்கி, காய்ந்த பிறகு மேலே பைபர் போட வேண்டும். சிவா ஒரு மூலையில் வள்ளத்துக்கு வேலை செய்வதுபோலப் பாவனை காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றான்.  சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

பின்னேரம் மூன்று மணியளவில் நான் என் கைப்பையைத் திறந்து என்னுடைய குறிப்பை எடுத்தேன். பழைய கொப்பி, மூலைகளில் மஞ்சள் பூசினது, இத்தனை வீடு ஏறி இறங்கினதில் விளிம்பெல்லாம் பிய்ந்து கிடந்தது. தாள் தாளாகக் கழற்றிப் பசை தடவி ஒட்டத் தொடங்கினேன். வாணி பசைச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். சிவா ஓடி வந்தான்.

"அக்கா! அது குறிப்பெல்லோ!"

"ஓம். என்ர."

"என்னக்கா செய்யிறியள், அதை ஒட்டக் கூடாது!"

"ஏன்ரா? இனி ஆருக்குக் காட்டப் போறாய்? எனக்கு ஐம்பத்தைஞ்சு வயசு."

  அவன் நிலத்தில் குந்தியிருந்து அழுதான், ராத்தா. என் தம்பி அழுது நான் அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு பார்த்ததில்லை. "திரியாயில இருந்து குறிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தது நான்தானக்கா. நீங்கள் வாசல்ல நிண்டனீங்கள். என்ர முகத்தைப் பாத்தே உங்களுக்கு விளங்கீற்று," என்றான். இதை அவன் முப்பது வருஷமாக வைத்திருந்தானா? எனக்கு அவனில் கோபம் போகவில்லை, இரக்கமும் வந்தது, இரண்டையும் வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒட்டிக்கொண்டே இருந்தேன். வாணி தன்னுடையதை ஒட்டவில்லை. அது அவளுடையது, என்ன செய்வாளோ அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நேற்றுச் சிவப்புப் பூசினோம். அளந்து பார்த்தேன், ஐம்பத்து மூன்று, ஒரு நூல் கூடக் குறைய இல்லை. இப்போது நாலும் மைதானத்தில் நிற்கின்றன. பெரிய செவ்வாயை என்ன செய்வது என்று சிவா கேட்டான். "சூரியன் எண்டு வைப்பமோ, அக்கா?" என்றான். சூரியன் என்றால் நூற்றொன்பது மீற்றர் வேண்டுமடா, அதற்கு மைதானமே காணாது என்றேன். அவனுக்கு விளங்கினதா என்று தெரியவில்லை. இன்னமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிகிறான். பெடியன் வீட்டிலிருந்தும் ஒரு கதையும் இல்லை.

உங்களிலும் எனக்கு எரிச்சல்தான், சொல்லிவிடுகிறேன். என் பொய்யைக் கேட்டுச் சிரித்தீர்களே, தெரிந்துதான் சிரித்தீர்களா? கொப்பி உங்கள் தலைமாட்டில்தானே இருந்தது? ஒரு தரம் விரித்துப் பார்த்து, "பொய் செல்லாதீங்க புள்ள," என்று ஏசியிருக்கக் கூடாதா? நீங்கள் ஏசியிருந்தால் அன்றைக்கே, உங்கள் கட்டிலிலேயே இருந்து அந்த எண்ணை எழுதியிருப்பேன். நீங்களும் பார்த்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

நாளைக்கு நானா திரையை விலக்குவார். பிறகு பிள்ளைகள் ஓடி வருவார்கள், ஓடி வந்து தடவுவார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே. அதில் ஒரு பெண்பிள்ளை கட்டாயம் கேட்கும், "இதுதானா ரீச்சர் செவ்வாய்? இவ்வளவு சின்னனா?" என்று. தலைமை ஆசிரியர் பார்த்தாலும் சரி, பெற்றோர் பார்த்தாலும் சரி, நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து உருண்டையில் வைத்து, ஓமடி, இவ்வளவுதான், உனக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தருகிற சத்தியம், ராத்தா. இந்தத் தரம் பொய் இல்லை.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
தவமணி